மீன் கூண்டுக்கு அடியில் ரோபோ: கட்டுப்பாட்டுக் கருவியை மதிப்பிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மண்டபம் கரைக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடகடல், தென்கடல் என்றால் போதும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழ். அதனால் வடகடலில் கூண்டு போட்டு மீன் வளர்ப்பவர்கள் வாடை ஓய்ந்த பிறகு குஞ்சு விட்டு, அடுத்த வாடைக்குள் மீனை எடுத்துவிடப் பார்ப்பார்கள்.

இந்த நிகழ்வில் வருவது அப்படி ஒரு சிறு குழு. ஆண்களும் பெண்களும் சேர்ந்து, 6 மீட்டர் விட்டமுள்ள ஜி.ஐ. குழாய்க் கூண்டுகளில் கடல்விரால் (கோபியா) மீன் வளர்க்கிறார்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் 2010-ல் கடல்விராலை அடைப்பில் வைத்து முட்டையிட வைத்தது, குஞ்சும் எடுத்தது. இந்தியாவில் அது முதல் முறை. இன்றைக்கு இந்தக் கரையில் கடல்விரால் கூண்டு பழகிய காட்சி. தீனி சரியாகக் கிடைத்தால் ஆறேழு மாதத்தில் ஒரு மீன் 2.5 முதல் 3 கிலோ தேறும்.

இந்தத் தொழிலில் தூக்கத்தைக் கெடுப்பது வலைதான். ஒரு கிழிசல் கவனிக்காமல் போனால் விடிவதற்குள் மீன் கடலோடு போய்விடும். சிப்பியும் பாசியும் ஒட்டி வலைக்கண் அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் ஓட்டம் குறைந்து மீன் திணறும். ஆகவே அடிக்கடி யாராவது இறங்கி வலையைச் சுற்றிப் பார்த்தாக வேண்டும். குழுவில் அந்த வேலை ஒருவர் தலையில்தான் இருந்தது. முன்பு சங்கு குளித்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு காது மந்தம். சொறி (ஜெல்லி மீன்) மிதந்து வரும் நாட்களிலும் தண்ணீர் கலங்கிய நாட்களிலும் அவரால் இறங்க முடிவதில்லை. கிழிசல் விழுவதும் பெரும்பாலும் காற்று அடித்து ஓய்ந்த அதே கலங்கல் நாட்களில்தான்.

இந்த நிலையில் மானியத்தோடு ஒரு நீரடி ரோபோ வாங்கும் வாய்ப்பு குழுவுக்குக் கிடைத்தது. ஒருவர் இரண்டு கையால் தூக்கிவிடக்கூடிய எடை. முன்னால் மேலும் கீழும் சாயும் கேமரா, இரண்டு விளக்கு, நகர்த்த ஆறு விசிறி மோட்டார், ஆழம் காட்டும் அழுத்த உணரி, திசைகாட்டி. கட்டுப்பாடு கேபிள் வழியாக. வை-ஃபை அலை கடல்தண்ணீரில் கையளவு தூரம்கூடப் போகாது, ஜி.பி.எஸ். நீருக்குள் கிடைக்காது. ஆகவே கேபிள் இல்லாமல் இந்த வேலை இல்லை.

இயக்குவதற்கு விற்பனையாளர் இரண்டு வழி வைத்திருந்தார். ஒன்று, டேப்லெட்: படம், பொத்தான், கட்டை விரலால் நகர்த்தும் வட்டம் எல்லாம் ஒரே திரையில் இருக்கும். கேபிள் படகில் உள்ள ஒரு பெட்டிக்கு வரும், பெட்டியிலிருந்து டேப்லெட்டுக்கு வை-ஃபை. இன்னொன்று, வீடியோ கேம் விளையாடுகிற மாதிரியான கேம்பேட். இதற்குக் கேபிள் நேராக மடிக்கணினியில் இணையும், படம் அதன் திரையில் தெரியும். மானியம் ஒன்றுக்குத்தான். எதை வாங்குவது என்று குழு கேட்டது. பக்கத்து மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து நாங்கள் சிலர் அந்தக் கேள்வியோடு வந்தோம்.

எதை அளப்பது

பயன்பாட்டு எளிமை என்பதை ஐ.எஸ்.ஓ. 9241-11 தரக்குறிப்பு மூன்றாகப் பிரிக்கிறது: வேலை முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் போனது, செய்தவருக்குத் திருப்தியா. எந்தப் பயனர், எந்த வேலை, எந்தச் சூழல் என்று சொல்லாமல் இந்த மூன்றையும் பேசக்கூடாது என்றும் அதே குறிப்பு சொல்கிறது. பலரும் மூன்றை எடுத்துக்கொண்டு இந்த நிபந்தனையை விட்டுவிடுவார்கள். இந்த நிகழ்வில் எல்லாம் அந்த நிபந்தனையில்தான் வந்து நின்றது.

ஆறு பேரை எடுத்துக்கொண்டோம். முன்னாள் சங்குகுளிக்காரர், இரண்டு படகுக்காரர்கள், தீனி போட்டுக் கணக்கும் பார்க்கும் ஒரு அக்கா, ஐ.டி.ஐ. முடித்த எஞ்சின் மெக்கானிக், ஓய்வு நேரமெல்லாம் போனில் கேம் விளையாடும் ஒரு தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அதனால் ஆட்களும் கிடைத்தார்கள்.

வேலைகள் நான்கு: வலையின் பக்கச் சுவரைச் சுற்றி வருவது, நாங்கள் கட்டிவைத்த கிழிசல் துண்டைக் கண்டுபிடித்துப் படம் எடுப்பது, அடிவலையில் செத்த மீன் கிடக்கிறதா என்று பார்ப்பது, கேபிள் சிக்காமல் ரோபோவைத் திரும்பக் கொண்டுவருவது.

திருப்தியை அளக்க எஸ்.யு.எஸ். என்ற பத்துக் கேள்விப் பட்டியல். ஜான் புரூக் 1986-ல் உருவாக்கியது, இன்றும் உலகம் முழுக்கப் புழங்குவது. பத்து வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில், கடைசியில் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண். 68 என்பது சராசரி என்று கொள்வது வழக்கம். ஒற்றைப்படை வாக்கியங்கள் கருவியைப் புகழ்வதாகவும் இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்வதாகவும் மாறி மாறி வரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பத்துக்கும் ஒரே பதிலைச் சொன்னால், அது 1 ஆனாலும் 5 ஆனாலும், மதிப்பெண் சரியாக 50-தான் வரும். வீட்டுக்கு வந்தவர்கள் மனம் கோணக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் 'ஆமா, சரிதான்' என்று தலையாட்டும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. முதலில் கேட்ட படகுக்காரர் அப்படித்தான் 50 வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு வாக்கியத்தை வாசித்துக் காட்டுவதோடு விடாமல், 'எந்த இடத்துல அப்படித் தோணுச்சு?' என்று ஒரு உதாரணம் கேட்டுவிட்டே எண்ணைக் குறித்தோம்.

வேலைச்சுமையை அளக்க 1988-ல் ஹார்ட், ஸ்டேவ்லேண்ட் இருவரும் வெளியிட்ட நாசா-டி.எல்.எக்ஸ். முறை. மூளை உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, எவ்வளவு நன்றாகச் செய்தோம், எடுத்த முயற்சி, எரிச்சல் என்று ஆறு தலைப்பு அதில் உண்டு.

மூன்றாவதாக ஒன்று வைத்தோம், கடைசியில் அதுதான் கைகொடுத்தது. மிக்கா எண்ட்ஸ்லி விமானிகளுக்காக 1980களில் கொண்டுவந்த முறை: வேலையின் நடுவில் நிறுத்தி, திரையை மூடி, அந்த நொடியில் ஆளுக்கு என்ன தெரியும் என்று கேட்பது. நாங்கள் கறுப்புத் துணியைத் திரைமேல் போட்டுவிட்டு நான்கு கேள்வி கேட்டோம். ரோபோ கூண்டின் எந்தப் பக்கம் இருக்கிறது? முகம் எங்கே பார்க்கிறது? கேபிள் எந்த வழியாகப் போகிறது? இப்போது முன்னால் தள்ளினால் எதில் முட்டும்? பதில் சரியா என்று பார்க்க ரோபோவின் முதுகில் மெல்லிய நூலில் ஒரு தெர்மாகோல் மிதவை கட்டியிருந்தோம். இயக்குபவர் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும்.

தொட்டியில்

முதல் கட்டம் கரையில், குஞ்சு வளர்க்கும் சிமெண்ட் தொட்டியில் நடந்தது. தெளிந்த தண்ணீர், மேலே கூரை, ஆடாத தரை.

டேப்லெட் சுலபமாக ஜெயித்தது. ஆறு பேரில் ஐந்து பேர் அதில் வேலையைச் சீக்கிரம் முடித்தார்கள். டேப்லெட்டின் எஸ்.யு.எஸ். மதிப்பெண் 68-க்கு நன்றாக மேலே வந்தது, கேம்பேடின் மதிப்பெண் 68-க்குக் கீழே. காரணம் தேட வேண்டியதில்லை, போன் இல்லாத கை அங்கே இல்லை. கேம்பேடில் இடது குச்சி ஆழத்துக்கும் திரும்புவதற்கும், வலது குச்சி முன்பின்னுக்கும் பக்கவாட்டுக்கும். இரண்டு கட்டை விரலுக்கும் நான்கு வேலை. இரண்டு படகுக்காரர்களும் 'இது நமக்கு ஆகாது' என்று அதைக் கீழே வைத்துவிட்டார்கள். தம்பி மட்டும் இரண்டிலும் வேகம்.

விற்பனையாளரின் ஆள் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். குழுத் தலைவருக்கும் அதே எண்ணம். தொட்டியில் பார்த்ததை வைத்து டேப்லெட்டுக்கு ஆர்டர் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தபோது சங்குக்காரர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டியில் நீரோட்டமும் இல்லை, கலங்கலும் இல்லை, இதில் எதைப் பார்த்தோம் என்றார். தரக்குறிப்பின் நிபந்தனையை அவர் படித்ததில்லை, ஆனால் சொன்னது அதைத்தான். கடலில் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று ஆனது.

கடலில் முதல் நாட்கள்

டேப்லெட் பகல் பத்து மணிக்கே தடுமாற ஆரம்பித்தது. வெயில் திரையில் விழுந்து படம் மங்கியது. பிரகாசத்தைக் கூட்டினால் டேப்லெட் சூடேறி தானே மங்கிக்கொண்டது. அது சமாளிக்கக்கூடிய தொல்லை. உப்புத்தண்ணீர் சமாளிக்க முடியாததாக இருந்தது. இந்தத் திரைகள் விரலின் மின்தன்மையை வைத்துத் தொடுதலை உணர்பவை. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒரு துளி விழுந்து வழிந்தால் விரல் வழுக்கிப் போனதாகத் திரை எடுத்துக்கொள்கிறது. கூண்டு வேலையில் கை காய்ந்திருக்கும் நேரம் எது? தீனி போட்ட கை, கயிறு பிடித்த கை. சும்மா நின்ற ரோபோ திடீரென்று மேலே கிளம்புவதும், விளக்கு தானே எரிவதும் நடந்தது.

இன்னொன்று தொட்டியில் தெரியவே இல்லை. டேப்லெட்டில் விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பு எதுவும் கிடையாது. படகு ஆடும்போது கட்டை விரல் வட்டத்தை விட்டு நகர்ந்துவிடும். எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கண் படத்தை விட்டுக் கீழே போகும். ஒவ்வொரு முறையும் ஒரு விநாடி, இரண்டு விநாடி. கேம்பேடில் குச்சியை விட்டால் தானே நடுவுக்கு வரும், பார்க்காமலே விரலுக்குத் தெரியும்.

படம் வரும் தாமதத்தையும் அளந்தோம். ஒரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு ரோபோவின் கேமரா முன் வைத்து, அந்த ஸ்டாப்வாட்சையும் திரையில் தெரியும் அதன் படத்தையும் ஒரே புகைப்படத்தில் எடுத்தால் இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். செலவில்லாத வழி, யாரும் செய்யலாம். கேம்பேடு வழியில் தாமதம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. டேப்லெட் வழியில் வை-ஃபை சேர்ந்து கால் விநாடியைத் தாண்டியது. தம்பி இந்தத் தாமதத்தோடு மல்லுக்கட்டினார்: படம் வரும் முன்பே அடுத்த தள்ளு, பிறகு அதைச் சரிசெய்ய எதிர்த் தள்ளு. ரோபோ வலைக்கு முன்னால் அலைபாய்ந்தது. தீனி போடும் அக்கா வேறு மாதிரி. ஒரு சின்னத் தள்ளு, கையை எடு, படம் நிலைக்கட்டும், அப்புறம் அடுத்த தள்ளு. 1960களில் எம்.ஐ.டி.யில் ஷெரிடனும் ஃபெரலும் தாமதத்தோடு தொலைவிலிருந்து இயந்திரக் கையை இயக்க வைத்துப் பார்த்தபோது, மனிதர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்ததும் இதே நகர்த்து, நில் என்ற முறைதான். அக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொட்டியில் நேரக் கணக்கில் கடைசியாக வந்தவர், கடலில் வலையைத் தொடாமல் முழுச் சுற்று வந்த முதல் ஆள்.

விளக்கு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் கலங்கினால் எல்லோரும் விளக்கைக் கூட்டினார்கள், படம் இன்னும் மோசமானது. மிதக்கும் துகள்கள் வெளிச்சத்தைக் கேமராவுக்கே திருப்பி அனுப்பும். மூடுபனியில் காரின் ஹைபீம் போட்ட கதை. விளக்கைக் குறைக்கும் பொத்தானோ மூன்றாவது மெனுவுக்குள் இருந்தது.

கேபிள் சுற்றிக்கொண்ட நாள்

காற்று ஓங்கி அடித்து ஓய்ந்த மறுநாள். தண்ணீரில் ஒரு மீட்டருக்கு மேல் தெளிவு இல்லை. தம்பி கேம்பேடில் இயக்க, சங்குக்காரர் கூண்டின் ஓரத்தில் உட்கார்ந்து கேபிளை விட்டுக்கொண்டிருந்தார். வேலை, அடிவலையைப் பார்ப்பது. கூண்டின் வலை 4 மீட்டர் ஆழம், அதற்குக் கீழே தரைவரை இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி. ரோபோ கீழே நுழைந்து, கேமராவை மேலே சாய்த்து, அடிவலையைப் படம் எடுத்தது. நல்ல படம்.

பிறகு வெளியே வர வேண்டும். கேமரா மேலே சாய்ந்தபடியே இருப்பதைத் தம்பி மறந்துவிட்டார். திரையில் தெரிவது வலை, எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி வலைக்கண். பக்கச் சுவருக்கு முன்னால் நிற்கிறோம் என்று எடுத்துக்கொண்டு, வலையிலிருந்து விலகப் பின்னால் இழுத்தார். ரோபோ கூண்டுக்கு அடியிலேயே பின்வாங்கி எதிர்ப்பக்கம் வெளியே போய், நங்கூரக் கயிற்றைச் சுற்றி வந்தது. மேலே ஏற்றிப் பார்த்தார், கேபிள் விறைத்தது. இன்னும் அழுத்தினார்.

'தம்பி, நீ கூண்டுக்கு அடியில பூந்து அந்தப் பக்கம் போயிட்ட. இழுக்காத, விடு' என்றார் சங்குக்காரர். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கேபிள் தன் கையிலிருந்து போகும் சாய்வை வைத்துச் சொன்னார்.

அந்த இடத்தில் நிறுத்தித் துணியைப் போட்டோம். நான்கு கேள்விக்கும் தம்பியின் பதில் தவறு. அதே கேள்விகளைச் சங்குக்காரரிடம் கேட்டபோது மூன்று சரி, முகம் எங்கே பார்க்கிறது என்பது மட்டும் தெரியாது என்றார். மிதவை அவர் சொன்ன பக்கம்தான் கிடந்தது. பிறகு அவரே முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கி, கேபிளைப் பிரித்து ரோபோவை மேலே கொண்டுவந்தார். ஆள் இறங்காமல் இருக்கத்தான் ரோபோ வாங்க நினைத்தார்கள் என்பதை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாலையில் பதிவை ஓடவிட்டுப் பார்த்தோம். திரையின் மூலையில் ஆழம் சின்ன எழுத்தில் காட்டிக்கொண்டுதான் இருந்தது: 5 மீட்டருக்கு மேல். வலை 4 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. அந்த எண்ணைப் பார்த்த யாருக்கும் முன்னால் தெரிவது பக்கச் சுவராக இருக்க முடியாது என்று புரிந்திருக்கும். கேமராவின் சாய்வும் காட்டப்பட்டது, இன்னொரு மூலையில், டிகிரியில். தகவல் இரண்டும் திரையில் இருந்தன, சேர்த்துக் கணக்குப் போடும் வேலை மனிதனுக்கு விடப்பட்டிருந்தது. பக்கத்திலேயே மின்னழுத்தம், வெப்பநிலை, பதிவான நிமிடம், திசை எண் என்று பத்துப் பன்னிரண்டு எண்கள். திசை எண் சுத்தமாகப் பயன்படவில்லை. ஜி.ஐ. குழாய் இரும்பு, காந்தத் திசைகாட்டி அதன் அருகில் போனால் ஊசலாடும். போதாததற்கு, கூண்டில் யாரும் '147 டிகிரி' என்று பேசுவதில்லை. கரைப்பக்கம், வெளிப்பக்கம் என்றுதான் பேச்சு.

இதைத் தம்பியின் கவனக்குறைவு என்று எழுதி முடிப்பது எளிது. மீட்பு ரோபோக்களை வைத்து 2004-ல் ஹோலி யான்கோவும் ஜில் ட்ரூரியும் வெளியிட்ட ஆய்வுகளைப் படித்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். அங்கே இயக்கியவர்கள் சராசரியாக 30 சதவீத நேரத்தை 'எங்கே இருக்கிறேன், சுற்றி என்ன இருக்கிறது' என்று தெரிந்துகொள்வதற்கு மட்டுமே செலவழித்திருந்தார்கள். கேமராவைத் திருப்பிவிட்டு மறந்துபோவது தரையில் ஓடும் ரோபோவிலும் நடக்கிற ஒன்று. பழகியவர்களும் செய்வார்கள். ஒரு கருவியில் இது நடக்கும் என்று தெரிந்தால், நடக்காதபடி செய்ய வேண்டியது அந்தக் கருவியின் பொறுப்பு என்பது என் கருத்து.

எடுத்த முடிவுகள்

கேம்பேடு வாங்குவது என்று குழு தீர்மானித்தது. தொட்டி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இது தப்பான முடிவு. கடலில் ஈரக் கையோடு வேலை முடிந்ததா, தவறு எத்தனை நடந்தது என்று பார்த்தால் வேறு வழியில்லை. தம்பிக்கு மட்டும் கடைசிவரை டேப்லெட்தான் பிடித்திருந்தது. அதையும் அறிக்கையில் எழுதினோம்.

கேம்பேடை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுப்பாட்டு மென்பொருள் திறந்த மூலம் என்பதால் திரையை மாற்ற முடிந்தது. எண்களில் பெரும்பாலானவற்றை மறைத்துவிட்டு, மூலையில் ஒரு சின்னப் படம் வரைந்தோம்: பக்கவாட்டில் பார்த்த கூண்டு, 4 மீட்டரில் அடிவலைக் கோடு, ரோபோ இருக்கும் ஆழத்தில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து கேமரா பார்க்கும் பக்கம் ஒரு கோடு. ரோபோ அடிவலைக்குக் கீழே போனால் புள்ளி சிவப்பாகும். கேமராவை நேராக்க ஒரே பொத்தான், வலது கையின் ஆள்காட்டி விரலுக்கு. விளக்கைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் இரண்டு பொத்தான். ஆழம் பிடித்து நிற்கும் வசதி எப்போதும் இயங்கும்படி வைத்தோம்: குழம்பினால் எல்லாவற்றையும் விட்டுவிடு, அது அங்கேயே நிற்கும். கலங்கிய தண்ணீரில் ஒரு புதிய ஆளுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். வலையைச் சுற்றித் தானே ஓடும் தானியங்கி முறை பற்றி எங்களில் ஒருவர் ஆசைப்பட்டார். திசைகாட்டியே நம்ப முடியாத இடத்தில் அது வேண்டாம் என்று விட்டோம்.

விற்பனையாளர் தலையில் மாட்டும் கண்ணாடித் திரையும் காட்டினார். வெயிலுக்கு நல்லதுதான். ஆனால் கண் தண்ணீருக்குள்ளும் உடம்பு ஆடும் படகிலும் இருந்தால் கொஞ்ச நேரத்தில் குமட்டும். மெக்கானிக் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றித் தந்தார், அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. பதிலுக்கு மடிக்கணினிக்கு அட்டையும் கறுப்புத் துணியும் வைத்து ஒரு கூடாரம் தைத்தார் அக்கா.

திரைக்கு வெளியே செய்தவைதான் அதிகம் பலன் தந்தன. வலையின் நான்கு பக்கத்திலும் மேலிருந்து கீழாக நான்கு நிறக் கயிறு: கரைப்பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் மஞ்சள், மற்ற இரண்டுக்கும் ஆரஞ்சும் பச்சையும். ஒரே மாதிரித் தெரியும் வலைக்கண்ணுக்கு இப்போது முகவரி வந்தது. கடலில் ஆழம் போகப்போக சிவப்பு கறுத்துவிடும் என்பதால் அந்த நிறத்தைத் தவிர்த்தோம். கேபிளில் மீட்டருக்கு ஒரு டேப் சுற்றினோம்.

அடுத்தது, இயக்குவது இனி ஒருவர் வேலை இல்லை. திரைக்கு ஒருவர், கேபிளுக்கு ஒருவர். கேபிள்காரர் கேட்காமலே சொல்ல வேண்டியவை: எத்தனை மீட்டர் வெளியே போயிருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது, இறுகுகிறதா. 'இறுகுது' என்ற சொல் வந்தால் திரைக்காரர் இரண்டு குச்சியையும் விட்டுவிட வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. சங்குக்காரருக்குக் காது மந்தம் என்பதால் திரைக்காரர் அவருடைய நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லும் வழக்கமும் வந்தது. அது தற்செயல், ஆனால் எல்லா ஜோடிக்கும் அதையே விதியாக வைத்துவிட்டோம்.

பிறகு

மாற்றங்களோடு அதே நான்கு வேலைகளையும் கலங்கல் நாள் ஒன்றில் மறுபடி செய்ய வைத்தோம். நேரம் பெரிதாகக் குறையவில்லை. திரையை மூடிக் கேட்ட கேள்விகளில் ரோபோ எந்தப் பக்கம் என்பதற்கு ஏறக்குறைய எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். நாசா-டி.எல்.எக்ஸ். பட்டியலில் மூளை உழைப்பு குறையவே இல்லை, எரிச்சல் நன்றாகக் குறைந்தது. இரண்டு பேர் சேர்ந்தால் பழியும் பாதியாகிறது என்று ஒரு படகுக்காரர் விளக்கம் தந்தார்.

அந்தப் பருவத்தில் கேபிள் நங்கூரக் கயிற்றில் மறுபடி சுற்றவில்லை. ஆனால் மிதந்து வந்த பாசியும் அறுந்த நரம்பு வலைத் துண்டும் விசிறியில் சிக்கிப் பலமுறை நின்றது. மெக்கானிக் ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவி, விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே பெட்டியில் வைப்பார். ஒரு கிழிசலை ரோபோ ஆரம்பத்திலேயே காட்டிக் கொடுத்தது, மஞ்சள் கயிற்றுக்கு ஒரு கை தள்ளி. இன்னொன்றைக் காட்டவில்லை. அங்கே சிப்பியும் பாசியும் மூடியிருந்தன, படத்தில் எல்லாம் ஒரே கறுப்பு. சங்குக்காரர் இறங்கித் தடவிப் பார்த்தபோதுதான் கை உள்ளே போனது. வலை எவ்வளவு அழுக்கேறிவிட்டது என்று ரோபோ சொல்லும், அழுக்கேறிய வலையில் கிழிசல் உண்டா என்பதை அவர் சொல்வார் என்று இப்போது வேலை பிரிந்திருக்கிறது. அவர் இறங்கும் நாட்கள் குறைந்தன, நிற்கவில்லை.

நிறக் கயிறுகளும் கொஞ்ச நாளில் அழுக்கேறி ஒரே நிறமாகிவிட்டன. வலை மாற்றும்போது கயிற்றையும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

இயக்குபவர்களில் அக்கா முன்னுக்கு வந்துவிட்டார். தம்பி நன்றாகத் தேறினார், ஆனால் தடைக்காலம் முடிந்ததும் விசைப்படகுக்குப் போய்விட்டார். கையாள வேண்டிய ஆள் யார் என்பதை முடிவு செய்ததில் தடைக்காலத்துக்கும் பங்கு உண்டு: ஜூன் 15-க்குப் பிறகு கரையில் இருப்பவர்கள் யாரோ அவர்களுக்குத்தான் கருவி பொருந்த வேண்டும். வாடை தொடங்கும் முன் மீன் எடுத்தார்கள், ரோபோ அடுத்த பருவம்வரை கரையில்.

அடுத்த மதிப்பீட்டில் மாற்ற வேண்டியவை

தொட்டிச் சோதனை பழக்குவதற்கு மட்டும். அங்கே மதிப்பெண் எடுக்கத் தேவையில்லை, எடுத்தால் அந்த எண் ஒருவர் வாயில் புகுந்து முடிவாகிவிடுகிறது. கடல் சோதனையில் தெளிந்த நாள் ஒன்று, கலங்கிய நாள் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆறு தனி ஆட்களை அளந்தோம். வேலை நடப்பதோ ஜோடியாக. அடுத்த முறை ஜோடிகளை அளப்போம்: யார் என்ன சொன்னார், மற்றவர் எத்தனை நேரத்தில் கேட்டுச் செய்தார் என்று. எஸ்.யு.எஸ். பட்டியலை விடப்போவதில்லை, மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட அது வேண்டும். ஆனால் ஒருவர் சொல்லும் எண்ணைவிட அவர் சொல்லும் உதாரணத்தை முதலில் எழுதுவோம்.

பெரிய கப்பல்களில் இயங்கும் நீரடி ரோபோக்களில் ரோபோ எத்தனை முறை தன்னைச் சுற்றியது என்று எண்ணிக் காட்டும் வசதி உண்டு. ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனால் கேபிள் முறுக்கேறும், எதிர்ப்பக்கம் சுற்றித்தான் பிரிக்க வேண்டும். இங்கே திசைகாட்டியை நம்ப முடியாததால் அதைத் திரையில் சேர்க்க முடியவில்லை. திரும்பும் வேகத்தை அளக்கும் சுழல் உணரியை (கைரோஸ்கோப்) மட்டும் வைத்துக் கணக்கிடலாமா என்று மெக்கானிக் கேட்டிருக்கிறார். உணரி கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும், ஆனால் அரை மணி நேர வேலைக்குள் அந்த விலகல் ஒரு முழுச் சுற்றை எட்டாமல் இருந்தால் போதும். வாடை ஓய்ந்து கூண்டு மறுபடி இறங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதை.